ஆனியிலும் வெண்பனி
றொக்கி மலைப் பாதையிலே டிரெயிலர் இழுத்துச் செல்வோர்க்குச் சில குறிப்புகள்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை அனுப்புமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, எதனை எழுதுவதென்று சில நாள் மயங்கினேன். கல்லூரியின் புகழ் பாடுவதற்கு என்னிலும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். ஆகவே அங்கே கற்ற ஒரு சிறு பாடம், ஐம்பது ஆண்டுகளின் பின் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் எவ்வாறு உயிர்ப்பயனாயிற்று என்பதை எழுதத் துணிந்தேன். நம் பழைய மாணவர் பலர் இன்று கனடாவிலே வாழ்கின்றனர். கோடை தொடங்கியதும் ஊரிலிருந்து உறவினரும் நண்பரும் வந்து சேர்கின்றனர். வந்தோரை றொக்கி மலைகளுக்கு அழைத்துச் செல்லாத வீடு கல்கரி நகரில் அரிது. அவ்வாறு செல்வோர்க்கு இக்குறிப்புகள் பயன்படுமாயின் அதுவே என் மகிழ்ச்சி.

டிரெயிலர் என்பதை அறியாதார்க்கு ஒரு சொல். நம்மூரில் உழவு இயந்திரத்துக்குப் பின்னாற் பெட்டி கொழுவுவதுபோல, இங்கே காருக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டையே கொழுவி இழுத்துச் செல்வர். அதனுள்ளே படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் உண்டு. காரும் டிரெயிலரும் சேர்ந்தால் நீளம் பன்னிரண்டு மீற்றர் வரை வரும். அதன் பக்கச் சுவர் காற்றுக்குப் பாய்மரம் போன்றது. இறக்கத்திலே அதன் பாரம் காரை முன்னே தள்ளும். எல்லாவற்றிலும் பெரிய குறை, நினைத்த இடத்தில் அதனைத் திருப்ப முடியாமை. தனிக் காரிற் செல்பவன் மலைப் பாதியில் வானம் கறுக்கக் கண்டால் மனம் மாறித் திரும்பிவிடலாம். டிரெயிலர் இழுப்பவன் மனம் மாறினாலும் வண்டி மாறாது. ஆகவே மலைக்குரிய முடிவை மலையிலே எடுக்கலாகாது. அடிவாரத்திலேயே எடுத்தல் வேண்டும். இக்கட்டுரையின் சாரம் இதுவே. எஞ்சியன இதற்கு விளக்கம்.

உயரமே பருவம்

எங்களுக்குப் புவியியல் கற்பித்த ஆசிரியர், கரும்பலகையில் ஒரு மலையை வரைந்து அதன் அடியில் யாழ்ப்பாணம் என்றும் முடியில் நுவரெலியா என்றும் எழுதுவார். "முந்நூறு அடி ஏற ஒரு பாகை குறையும்" என்பது அவர் அடிக்கடி கூறும் வாய்பாடு. அஃது அக்காலத்துப் பரனைற்றுக் கணக்கு. இன்றைய அளவில் கூறுவதாயின், ஆயிரம் மீற்றர் ஏறச் சராசரியாக ஆறரைப் பாகை செல்சியசு குறையும். வளி மேலே செல்லுந்தோறும் அதன்மீதுள்ள அமுக்கம் குறைகின்றது. அமுக்கம் குறைய அது விரிகின்றது. விரியும் வளி தன் வெப்பத்தைச் செலவிட்டுக் குளிர்கின்றது. யாழ்ப்பாணம் வியர்க்கும் அதே நாளில் நுவரெலியாவிற் கம்பளிச் சட்டை தேவைப்படுவதன் காரணம் இதுவே.

இக்கணக்கை றொக்கி மலைகளில் வைத்துப் பாருங்கள். கல்கரி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,045 மீற்றர் உயரத்தில் உள்ளது. பான்வ் பட்டினம் சுமார் 1,380 மீற்றர். லேக் லூயிஸ் சுமார் 1,600 மீற்றர். அங்கிருந்து ஜாஸ்பர் வரை பனியாற்று வயல்களின் ஓரமாகச் செல்லும் 230 கிலோமீற்றர் நெடுஞ்சாலை உலகப் புகழ் வாய்ந்தது. அச்சாலை 'போ' கணவாயிற் சுமார் 2,070 மீற்றர் உயரத்தை எட்டுகின்றது. பின்னர் சன்வாப்ரா கணவாயிற் சுமார் 2,030 மீற்றரை மீண்டும் ஏறுகின்றது. நுவரெலியாவின் உயரமோ 1,868 மீற்றர். வெப்ப மண்டலத்து நுவரெலியாவிலும் உயர்ந்த இடம், வடதுருவத்தை நோக்கிய நாட்டில் எத்தகைய சுவாத்தியத்தை உடையதாயிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஜூன் மாதத்து மழைநாளொன்றிற் கல்கரியில் வெப்பநிலை எட்டுப் பாகை எனக் கொள்வோம். நகரத்திலே அது வெறும் தூறல். ஆயிரம் மீற்றர் மேலேயுள்ள கணவாயில் அது ஒன்றரைப் பாகையளவே. அங்கே விழுவது மழையன்று, வெண்பனி. நாட்காட்டியில் ஒரே நாள். மலையிலே இரு பருவங்கள். இதனாலன்றோ, கனடாவிலே தார் போட்ட சாலைகளுள் மிக உயர்ந்த இடமாகிய 2,206 மீற்றர் ஹைவூட் கணவாயை, டிசம்பர் முதலாந் திகதி தொடங்கி ஜூன் 14 வரை ஆண்டுதோறும் வாகனங்களுக்கு மூடி வைக்கின்றனர்! அரசாங்கமே ஜூன் மாதத்தின் முற்பாதியைக் கோடையெனக் கொள்ளவில்லை என்பது இதனால் விளங்கும்.

நான் கற்ற பாடம்

இவ்வளவும் அறிந்தவன் தவறு செய்யமாட்டான் என்று நினைப்பீர்கள். செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர், தம் மனைவியுடன் ஊரிலிருந்து வந்திருந்தார். ஜூன் மாத நடுப்பகுதி. ஊர்க் கணக்கில் ஆனி பிறந்துவிட்டது. ஜாஸ்பரிலே டிரெயிலர் நிறுத்துவதற்கு இடம் பதிவு செய்து பணமும் கட்டியிருந்தேன். லேக் லூயிசை அடைந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. காரின் வெப்பமானி நான்கு பாகை காட்டியது. நண்பர் கணவாயின் உயரத்தைக் கேட்டார். சொன்னேன். கையிலிருந்த பற்றுச்சீட்டின் பின்புறத்திலே ஏதோ கணக்குப் போட்டார்.

"மச்சான், மேலே ஒரு பாகைதான் வருகிறது. மாஸ்டரின் கணக்கு" என்றார்.

"இது ஜூன் மாதமடா" என்று சிரித்தேன். என் மனைவி, "இன்றைக்கு இங்கேயே தங்கினால் என்ன?" என்று மெல்லக் கேட்டாள். கட்டிய பணமும், விருந்தாளிக்குக் கொடுத்த வாக்கும், முப்பது ஆண்டுகளாக இம்மலைகளை அறிந்தவன் என்ற செருக்கும் என் செவியை அடைத்தன.

போ ஏரியைத் தாண்டியதும் மழைத்துளிகள் வெள்ளையாயின. கால் மணி நேரத்துக்குள் சாலை மறைந்தது. ஏற்றத்தின் செங்குத்தான பகுதியிற் காரின் சில்லுகள் சுழன்றனவேயன்றி வண்டி நகரவில்லை. கோடைக்குரிய ரயர்கள் அவை. பிறேக்கை மிதித்தேன். நின்ற வண்டி, டிரெயிலரின் பாரத்தால் அங்குலம் அங்குலமாகப் பின்னோக்கி வழுக்கத் தொடங்கியது. பின்னே சாலையின் ஓரம். ஓரத்துக்கு அப்பால் பள்ளம். டிரெயிலரின் பின்சில்லு ஓரத்துச் சரளைக் கற்களிற் பதிந்ததால் மட்டுமே வண்டி நின்றது. நால்வரும் இறங்கி வெண்பனியில் நின்றோம். ஊரிலிருந்து கொண்டுவந்த சால்வையை நண்பரின் மனைவி தலையிற் போர்த்திக்கொண்டார். நெடுநேரத்தின் பின் சாலைப் பராமரிப்பு வண்டியொன்று வந்து மணல் தூவி, எம்மை மேலேயிருந்த தரிப்பிடத்துக்குச் செல்ல உதவிற்று. அங்கே மாலைவரை காத்திருந்து, சாலை ஈரமாய் மாறிய பின், லேக் லூயிசுக்கே திரும்பினோம். அன்றிரவு என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அஃதே போதுமான கண்டனமாயிருந்தது.

கணக்கில் ஒரு நுட்பத்தையும் அன்று விளங்கிக்கொண்டேன். வெண்பனி உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சூழ்ந்துள்ள வளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆகவே கனத்த மழை தொடர்ந்து பெய்யின், அவ்வளி மேலும் குளிர்ந்து பூச்சியத்தை நெருங்கும். வெண்பனி தன் எல்லையைக் கீழே இறக்கிக்கொண்டு வரும். பூச்சியப் பாகை நிலவும் உயரத்தை 'உறைநிலை உயரம்' என்பர். அவ்வுயரத்துக்குக் கீழே இருநூறு முந்நூறு மீற்றர் வரையும் வெண்பனி விழலாம். எனவே உறைநிலை உயரம் 2,300 மீற்றர் என அறிந்தால், 2,070 மீற்றர்க் கணவாய் பத்திரமானது என மகிழற்க. அதுவே எச்சரிக்கை.

காலையும் மாலையும்

மலைக்கு உயரம் ஒரு கணக்கு. நேரம் மற்றொரு கணக்கு. காலையில் வானம் நீலமாய், ஏரி கண்ணாடியாய் இருக்கும். ஞாயிறு ஏற ஏற மலைச்சரிவுகள் சூடேறுகின்றன. சரிவைத் தொட்ட வளி இலேசாகி மேலெழுந்து, நண்பகலில் வெண்முகில்களாய்க் குவிகின்றது. பிற்பகலில் அம்முகில்கள் கோபுரம்போல் வளர்ந்து இடியும் மின்னலும் ஆலங்கட்டியுமாய்ப் பொழிகின்றன. மலையடிவாரத்துச் சமவெளியில் ஆலங்கட்டியின் கொடுமை பெரிது. 2020 ஜூன் 13 மாலை கல்கரியின் வடகிழக்குப் பகுதியில் விழுந்த ஆலங்கட்டிகளால் ஏற்பட்ட சேதத்துக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கொடுத்த தொகை நூறு கோடி டொலருக்கும் மேலானது. டிரெயிலரின் மெல்லிய கூரைக்கும் அதன்மீதுள்ள பிளாத்திக்கு மூடிகளுக்கும் ஆலங்கட்டி எமன்.

ஆகவே உச்சியைக் கடப்பதை நண்பகலுக்கு முன் முடித்துக்கொள்க. மின்னல் கண்டு இடி கேட்கும்வரை எண்ணுக. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் எண்ணும்போதே இடி கேட்டால் உடனே உள்ளே செல்லல் வேண்டும். துணிச்சுவர் கொண்ட மடக்கு டிரெயிலர் மின்னலுக்குப் புகலிடமன்று. கண்ணாடிகளை மூடிய காரே புகலிடம். உலோகக் கூடு மின்னோட்டத்தை வெளிப்புறமாகவே நிலத்துக்குக் கடத்திவிடும்.

கொண்டல்

நம் முன்னோர் காற்றைத் திசையால் அறிந்து, வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனப் பெயரிட்டனர். அவ்வறிவு இங்கும் உதவும். றொக்கி மலைத்தொடர் வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது. கல்கரி அதன் கிழக்கே உள்ளது. ஜூன் மாதத்திற் சில வேளைகளில் தெற்கே ஒரு தாழமுக்கம் தங்கி, கீழைக் காற்றை, அதாவது கொண்டலை, மலையை நோக்கித் தள்ளும். ஈரம் நிறைந்த அக்காற்று மலைச்சுவரில் மோதி ஏறி, குளிர்ந்து, நாட்கணக்காக மழையைக் கொட்டும். கல்கரியில் ஆண்டிலேயே அதிக மழை பெறும் மாதம் ஜூன் என்பதைப் பலர் அறியார்.

2013 ஜூன் 19 தொடங்கி மூன்று நாட்களில் நிகழ்ந்தது இதுவே. மலையோரத்திற் சில இடங்களில் இருநூறு மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. உயரத்தில் எஞ்சியிருந்த வெண்பனியும் அம்மழையோடு கரைந்தது. கன்மோர் பட்டினத்தில், மற்றை நாட்களிற் குழந்தைகள் தாண்டி விளையாடும் கூகர் ஓடை, இரு கரைகளையும் அரித்து வீடுகளை அந்தரத்தில் நிறுத்தியது. நாட்டைக் குறுக்கறுக்கும் பெருஞ்சாலை அவ்விடத்தில் துண்டிக்கப்பட்டது. ஹைரிவர் பட்டினம் நீரில் மூழ்கிற்று. தெற்கு அல்பேர்ட்டாவில் ஓர் இலட்சம் பேரளவில் வீடுகளை விட்டு வெளியேறினர்.

ஓடையின் சலசலப்பைக் கேட்டுக்கொண்டு உறங்க விரும்பாதார் யார்? ஆயினும் ஜூன் மாதத்தில் ஓடைக் கரையிலே டிரெயிலரை நிறுத்துமுன் கரையின் உயரத்தை நோக்குக. மழையில்லா நாளிலும், பகல் வெயிலில் உருகிய வெண்பனி மாலையில் ஓடையைப் பெருக்கும். கிழக்கிலிருந்து காற்றும் விடாமழையும் சேர்ந்து எச்சரிக்கையும் வந்துவிட்டால், மலையை நோக்கிப் புறப்படாதிருப்பதே அறிவு.

கச்சான்

மட்டக்களப்பார்க்குக் கச்சானைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குப் புறத்தில் ஈரத்தை இறக்கிவிட்டு, கிழக்கே உலர்ந்து சூடாய் இறங்குவதே அது. றொக்கி மலையிலும் பசிபிக் பெருங்கடற் காற்று அவ்வாறே செய்கின்றது. இங்கே அதன் பெயர் 'சினூக்'. ஏறும்போது ஈரவளி ஆயிரம் மீற்றருக்கு ஆறு பாகையளவே குளிர்கின்றது. நீராவி நீராக மாறுகையில் வெளிவிடும் வெப்பம் அதனைத் தாங்குகின்றது. இறங்கும்போது உலர்ந்த வளி ஆயிரம் மீற்றருக்குப் பத்துப் பாகை சூடாகின்றது. இவ்வேறுபாடே கச்சானின் வெம்மை.

சினூக்கின் காலம் பெரும்பாலும் குளிர்காலமேயாயினும், மலை இடைவெளிகளால் வெளிப்படும் மேலைக் காற்று கோடையிலும் கடுமையாய் வீசும். தெற்கே குரோஸ்நெஸ்ற் கணவாய்ப் பக்கம் இதற்குப் பேர்போனது. மலைமறைவிலிருந்து வெட்டவெளிக்கு வண்டி வெளிப்படும் அக்கணத்தில் காற்று டிரெயிலரின் பக்கத்தில் அறையும். டிரெயிலர் நாயின் வாலைப்போல் இருபுறமும் ஆடத் தொடங்கும். அப்போது காரின் பிறேக்கை ஓங்கி மிதித்தலும், வேகத்தைக் கூட்டித் தப்ப முயலலும், சுக்கானை வெட்டி ஒடித்தலும் ஆபத்தைப் பெருக்கும். சுக்கானை நேரே பிடித்து, பெற்றோல் மிதியிலிருந்து காலை எடுத்து, டிரெயிலருக்கென்றே உள்ள கைப்பிறேக்கை மட்டும் மெதுவாக அழுத்துக. டிரெயிலர் பின்னே இழுபட, வண்டி நேராகும்.

இதற்கும் முன்னேற்பாடு அடிவாரத்திலேயே உண்டு. டிரெயிலரின் மொத்த நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வீதம் கொழுவியின்மேல் அமர்தல் வேண்டும். பாரங்களைப் பின்புறத்தில் அடுக்கியவன் ஆட்டத்தை விலைக்கு வாங்கியவனாவான். நிறுத்திய இடத்திலும், பக்கத்தில் விரிக்கும் துணிப்பந்தலை உறங்குமுன் சுருட்டிவிடுதல் நன்று.

இரவும் அடுப்பும்

பகலில் இருபது பாகை இருந்த இடம் இரவில் பூச்சியத்தைத் தொடுதல் ஜூன் மாதத்தில் வியப்பன்று. தெளிந்த வானமுள்ள இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடும். குளிர்ந்த வளி நீரைப்போலப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே பள்ளத்தாக்கின் அடியைவிடச் சற்று மேடான இடம் குளிர் குறைந்தது. வெளியே நிற்கும் தண்ணீர்க் குழாயை இரவிற் கழற்றி வைக்க வேண்டும். சிறு அடுப்புகளில் உபயோகிக்கும் பியூற்றேன் வாயு பூச்சியப் பாகையளவில் ஆவியாக மறுக்கும். புரோப்பேனோ பூச்சியத்துக்குக் கீழ் நாற்பது பாகையிலும் ஆவியாகும். மலைக்குப் புரோப்பேனே உகந்தது. 1,600 மீற்றரில் நீர் 95 பாகையளவிற் கொதித்துவிடும். ஆகையாற் சோறு அவிய நேரம் கூடும். வாயுவும் அதற்கேற்ப வேண்டும்.

குளிரென்று சமையல் அடுப்பை எரியவிட்டு உறங்குவோர் உளர். இதைவிடக் கொடிய பிழை வேறில்லை. மூடிய அறையில் எரியும் அடுப்பு கார்பன் மொனொக்சைட்டை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்கியவர் உறங்கியவராகவே போய்விடுவர். வெளியே புகைபோக்கி கொண்ட சூடாக்கியையே பாவிக்க வேண்டும். அந்நச்சுவாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவி தொழிற்படுகின்றதா என வீட்டிலேயே பரிசோதித்தல் வேண்டும்.

அடிவாரத்தில் நான்கு கேள்விகள்

இவற்றையெல்லாம் நினைவிற் கொள்ளல் எளிதன்று. ஆகவே அன்றைய அனுபவத்தின் பின் நான்கு கேள்விகளைக் காரிலே எழுதி ஒட்டியுள்ளேன். உறைநிலை உயரம் என்ன? காற்று எத்திசை? உச்சியை எத்தனை மணிக்குக் கடப்போம்? வண்டியைத் திருப்பத்தக்க இடங்கள் எவை? முதலிரண்டுக்கும் கனடா அரசின் வானிலை அறிக்கையும் மலை முன்னறிக்கைகளும் விடை தரும். சாலையின் நிலையை அல்பேர்ட்டாவில் 511 என்னும் சேவை அறிவிக்கும். நான்காவது வினாவின் விடையைக் கடதாசியில் எழுதிக்கொள்க. ஏனெனில் ஜாஸ்பர்ச் சாலையின் பெரும்பகுதியிற் கைத்தொலைபேசி வேலை செய்யாது. விடைகளுள் ஒன்றேனும் மனத்துக்கு ஒவ்வாதாயின், கட்டிய பணத்தை மறந்து அன்று தங்கிவிடுக. மலை நாளையும் அங்கேயே இருக்கும்.

ஆழமறியாமற் காலிடாதே என்பது நம்மூர்ப் பழமொழி. உயரமறியாமற் சில்லிடாதே என்பது நான் அதனோடு சேர்ப்பது. அன்று வெண்பனியிலே நடுங்கி நின்றபோது நண்பர் தம் பற்றுச்சீட்டை என்னிடம் நீட்டினார். கணக்கின் கீழே, நம் ஆசிரியர் சரியான விடைக்கு இடுவதுபோலவே ஒரு சிறு சரி அடையாளம் இட்டிருந்தார். அச்சீட்டை இன்றும் வைத்திருக்கிறேன். ஆசிரியர் இன்று இல்லை. அவர் கரும்பலகையில் வரைந்த மலையை அழித்துப் பல்லாண்டுகள் ஆயின. ஆயினும் அவர் தந்த கணக்கு தவறவில்லை. தவறியவன் அதனைக் கற்ற மாணவனே. நம் கல்லூரியில் இன்று பயிலும் இளைஞர், எந்நாட்டு மலையை என்று ஏற நேரினும், வகுப்பிற் கேட்டதை அங்கேயே விட்டுச் செல்லாதிருப்பாராக.